சதுரங்கத்தில் ஓரத் தொடக்கமும் காலாள் குறைகளும்



கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுச் சாலை வழியாக மலையேறி வருகிறவர்களுக்கு, வண்டன்மேடு என்றவுடன் நினைவுக்கு வருவது ஏலக்காயின் மணமேயாகும். இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்கு மிக அருகில் அமைந்த இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கின்றன. இங்கே தோட்ட வேலை செய்தும், கடை வைத்தும், பள்ளியில் கற்பித்தும் வாழ்கின்ற தமிழர்கள் பலர். நான் பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றவன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏலக்காயைப் பற்றியதன்று, சதுரங்கத்தைப் பற்றியது. ஆயினும் ஏலத் தோட்டம் இப்பேச்சில் இடையிடையே தலைகாட்டும். ஏனெனில், எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தவர் ஏலத் தோட்டத்தில் நிழல்மரங்களின் கிளை கழிக்கும் தொழிலாளி ஒருவர்.

அவரை நான் தாத்தா என்றே அழைப்பேன். மழைக்காலத்து மாலைகளில், தொழிலாளர் குடியிருப்பின் திண்ணையில், கரியால் கோடு கிழித்த பலகையின்மேல் அவர் காய்களைப் பரப்புவார். அவர் ஆடியது நாட்டு முறை ஆட்டம். அதில் காலாள் முதல் நகர்வானாலும் ஒரு கட்டத்துக்குமேல் செல்லக் கூடாது. நான் பள்ளியில் கற்று வந்ததோ, முதல் நகர்வில் காலாள் இரண்டு கட்டம் பாயக் கூடிய உலக முறை. அந்தப் பெருமையோடு ஒருநாள் அவரை உலக முறையில் ஆட அழைத்தேன். ஓரத்துக் காலாள்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்னே தள்ளினேன். அவர் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. என் காலாள்கள் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் தம் குதிரையை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினார். அதை விரட்டுவதற்கு என்னிடம் ஒரு காலாளும் இல்லை. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

அப்பொழுது அவர் சொன்னது இது: "தம்பி, கழிச்ச கிளை திரும்ப ஒட்டாது. போன காலாளும் அப்படித்தான்."

நேயர்களே, சதுரங்கத்தின் பெரிய உண்மை ஒன்று இந்த எளிய வாக்கில் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்வதை யானை என்றும், குறுக்கே சாய்வாகச் செல்வதை மந்திரி என்றும், தாவிச் செல்வதைக் குதிரை என்றும் குறிப்பிடுகிறேன். ராஜாவும் ராணியும் நடுவே நிற்கின்றனர். ராஜா நிற்கும் பாதி ராஜாப் பக்கம். ராணி நிற்கும் பாதி ராணிப் பக்கம். இக்காய்களுக்கு முன்னால் எட்டுக் காலாள்கள் அணிவகுத்து நிற்கின்றன. எந்தக் காய்க்கு முன்னால் நிற்கிறதோ, அக்காயின் பெயராலேயே அக்காலாளையும் குறிப்பது பழைய மரபு. நானும் அவ்வாறே குறிப்பேன். பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்கள் நடுக்களம் எனப்படும்.

இக்காய்களுள் பின்வாங்கத் தெரியாதது காலாள் ஒன்றே. யானை சென்ற வழியே திரும்பும். குதிரை தாவிய இடத்துக்கே மீண்டும் தாவும். ராணியும் இடர் கண்டால் வீடு திரும்புவாள். காலாளுக்கு மட்டும் திரும்பும் வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு காலாள் நகர்வும் ஒரு முடிவான செயலாகிறது. அது முன்னேறி ஓர் இடத்தைப் பிடிக்கிறது. அதே நேரத்தில், தான் காத்து வந்த கட்டங்களை என்றென்றைக்கும் கைவிடுகிறது. பெற்றதும் இழந்ததும் ஒரே நகர்வில் நிகழ்கின்றன. பிரான்சு நாட்டு ஆட்டக்காரர் பிலிடோர் 1749-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் காலாள்களுக்கு முதன்மையான இடம் தந்ததற்குக் காரணம் இதுவே. 1886-இல் முதல் உலக வெற்றியாளராகப் போற்றப்பட்ட ஸ்டைனிட்ஸ், காலாள் அமைப்பில் உண்டாகும் நிலையான குறைகளே போரின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்தை வளர்த்தார்.

குறைகள் எவ்வகைப்படும்? முக்கியமானவை நான்கு. இருமருங்கிலும் தோழர்களை இழந்து தனியே நிற்கும் காலாள் தனிக் காலாள். அதைக் காக்க இன்னொரு காலாள் வர முடியாது. அண்டையிலுள்ள தோழர்கள் முன்னே சென்றுவிட, பின்னால் நின்று முன்னேற இயலாமல் தவிப்பது பின்தங்கிய காலாள். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நெட்டு வரிசையில் நிற்பவை இரட்டைக் காலாள்கள். அவை ஒன்றையொன்று காக்கமாட்டா. நான்காவது, காலாளால் இனிக் காக்கவே முடியாத வெற்றுக் கட்டம். அதைப் பொத்தல் என்போம். என்னைத் தோற்கடித்த தாத்தாவின் குதிரை அமர்ந்தது இத்தகைய பொத்தலில்தான்.

இவற்றைக் கேட்கும் புதிய ஆட்டக்காரர், குறையில்லாமல் ஆடுவதே திறமை என்று எண்ணக்கூடும். அது சரியன்று. ஒரு காலாளையும் நகர்த்தாதவனுக்குக் குறை ஏதும் உண்டாகாதுதான். ஆனால் அவனுடைய மந்திரிகளும் யானைகளும் அடைபட்டு மூச்சுத் திணறும். ஏலத் தோட்டத்திலும் இதே நிலைதான். நிழல் மிகுந்தால் செடி நன்றாகப் பூப்பதில்லை. நிழல் குறைந்தால் கோடை வெயிலில் கருகிவிடும். ஆகவே மழைக்காலத்துக்கு முன் கிளை கழிப்பவன் எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பார்க்கிறான். வெட்டாமல் இருப்பது அறிவுடைமையாகாது. வெட்டியதற்கு ஈடாக வெளிச்சம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை. சதுரங்கத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, குறை உண்டாயிற்றா என்பதன்று; அக்குறைக்கு ஈடாக நாம் பெற்றது என்ன என்பதே.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் ஓரத் தொடக்கம். ஆட்டத்தைத் தொடங்க இரு வழிகள் உண்டு. ராஜாவின் காலாளையோ ராணியின் காலாளையோ இரண்டு கட்டம் தள்ளி, நடுக்களத்தை நேரடியாகப் பிடிப்பது ஒரு வழி. குதிரையை முதலில் வெளியே எடுத்து, மந்திரிக் காலாளையும் குதிரைக் காலாளையும் நகர்த்தி, நடுக்களத்தைப் பகைவன் பிடிக்க விட்டுவிட்டு, இரு ஓரங்களிலிருந்தும் அதைத் தாக்குவது மற்றொரு வழி. இரண்டாவதையே ஓரத் தொடக்கம் என்கிறோம்.

இந்த வழிக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1850-களில் கொல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் வங்காளத்தைச் சேர்ந்த மகேச சந்திர பந்தோபாத்தியாயருடன் பல ஆட்டங்கள் ஆடினார். நாட்டு முறையில் பழகிய வங்காளியார் காலாளை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, குதிரைக் காலாளுக்குப் பின்னால் மந்திரியை வைத்து, நடுக்களத்தைத் தொலைவிலிருந்து குறிபார்த்தார். அந்த ஆட்டங்கள் அச்சில் ஏறியதால், பிற்காலத்தில் அம்முறைகளுக்கு இந்தியத் தற்காப்பு என்ற பெயர் நிலைத்தது. தாத்தா திண்ணையில் ஆடிய அந்த ஒரு கட்டக் காலாளின் வழித்தோன்றல்கள், உலக மேடைகளில் இன்றும் உலாவுகின்றன எனலாம்.

ஆயினும் இம்முறையை ஒரு கொள்கையாகவே நிலைநாட்டியவர்களுள் தலைசிறந்தவர் ரிச்சர்டு ரேட்டி. அவர் 1889-இல் பிறந்து 1929-இல் மறைந்தவர். 1924 மார்ச்சு மாதம் நியூயார்க் நகரப் போட்டியில், அன்றைய உலக வெற்றியாளர் கப்பாபிளாங்காவை அவர் எதிர்கொண்டார். கப்பாபிளாங்கா எட்டு ஆண்டுகளாக ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. ரேட்டி முதலில் ராஜாப் பக்கக் குதிரையை எடுத்தார். பிறகு ராணிப் பக்க மந்திரிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். மூன்றாவது நகர்வில் ராணிப் பக்கக் குதிரைக் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளினார். நடுக்களத்தில் அவர் ஒரு காலாளையும் வைக்கவில்லை. இரண்டு மந்திரிகளையும் இரு ஓரங்களில் பதுக்கி வைத்துக் காத்திருந்தார்.

கப்பாபிளாங்கா என்ன செய்தார்? ராஜாக் காலாளையும் ராணிப் பக்க மந்திரிக் காலாளையும் இரண்டிரண்டு கட்டம் முன்னேற்றினார். இடம் கிடைத்தது, ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரே கட்டம் நகர்ந்திருந்த ராணிக் காலாள் பின்தங்கிப்போயிற்று. ரேட்டி அதற்காகவே காத்திருந்தவர்போலத் தம் பதினாறாவது நகர்வில் நடுக்களத்தில் காலாளை மோதவிட்டார். கோடுகள் திறந்தன. இருபத்து மூன்றாவது நகர்வில், பின்தங்கிய அந்தக் காலாளை ரேட்டியின் யானை வெட்டியது. முப்பத்தொன்றாவது நகர்வைக் கண்டதும் கப்பாபிளாங்கா தோல்வியை ஏற்றார். முன்னேறிய காலாள்கள் விட்டுச்சென்ற குறையே அவரை வீழ்த்தியது.

ஓரத் தொடக்கத்தில் வெற்றி மட்டுமே உண்டு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. குதிரைக் காலாளை இரண்டு கட்டம் தள்ளுவதால் ராணிப் பக்கத்தில் இடம் கிடைக்கிறது. ஆனால் அதன் பக்கத்திலுள்ள மூன்றாம் வரிசைக் கட்டங்களையும் நான்காம் வரிசைக் கட்டங்களையும் அக்காலாள் இனிக் காக்காது. குதிரைக் காலாளை ஒரே கட்டம் நகர்த்தி அதன் பின்னால் மந்திரியை வைத்தால், அம்மந்திரி பலகையின் நெடுங்கோடு முழுவதையும் ஆளும். ஆனால் அம்மந்திரி வெட்டுப்பட்டுப் போனால், அதைச் சூழ்ந்த கட்டங்கள் பொத்தல்களாகிவிடும். நடுக்களத்தைப் பகைவனுக்கு விடுவதால் அவனுடைய காலாள்கள் நமக்குக் குறியாகின்றன. ஆனால் தாக்குதல் தவறினால், அதே காலாள்கள் நம்மை நெருக்கி மூச்சடைக்கச் செய்யும். எல்லாம் கொடுக்கல் வாங்கலே.

இனி, நம் காலத்து ஆட்டம் ஒன்றுக்கு வருவோம். ரேட்டியின் வெற்றிக்கு நூறு ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிங்கப்பூரில் உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. ஒருபுறம், 2023-இல் பட்டம் வென்ற சீனத்து டிங் லிரென். மறுபுறம், சென்னையில் 2006-இல் பிறந்த குகேஷ். அப்பொழுது வயது பதினெட்டு. பதினான்கு ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் பத்து ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஐந்துக்கு ஐந்து என்ற சமநிலையில் இருந்தனர். நான்காவது ஆட்டம் முதல் பத்தாவது ஆட்டம் வரை ஏழும் தொடர்ந்து வெற்றி தோல்வியின்றி முடிந்திருந்தன. மீதி இருந்தவை நான்கே. இனி ஒரு தவறு செய்தால் அதை ஈடுசெய்யக் காலம் போதாது.

டிசம்பர் 8-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பதினொன்றாவது ஆட்டம் தொடங்கியது. ஏலக்காய் பறிப்புக் காலமானாலும் ஞாயிறு விடுமுறை ஆதலால், என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் சிலர் கைப்பேசியைச் சுற்றிக் குழுமியிருந்தனர். வெள்ளைக் காய்களோடு குகேஷ் முதலில் ராஜாப் பக்கக் குதிரையை எடுத்தார். டிங் ராணிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். குகேஷ் ராணிப் பக்க மந்திரிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளித் தாக்கினார். டிங் அதை வெட்டாமல், தம் காலாளை மேலும் ஒரு கட்டம் தள்ளிப் பலகையின் நடுக்கோட்டைக் கடக்கச் செய்தார். மூன்றாவது நகர்வில் குகேஷ் ராணிப் பக்கக் குதிரைக் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். நூறாண்டுக்கு முன் ரேட்டி நியூயார்க்கில் மூன்றாவது நகர்வாகத் தள்ளிய அதே காலாள்!

நடுக்கோட்டைக் கடந்த டிங்கின் காலாளுக்குத் துணையாக இன்னொரு காலாள் வந்தது. குகேஷ் தம் ராஜாக் காலாளைக் கொண்டு மோதி அத்துணையைப் பிரித்தார். விரைவில் டிங் ஒரு மந்திரியைக் கொடுத்து ஒரு குதிரையை வாங்கினார். இப்பொழுது கணக்குப் பார்ப்போம். குகேஷுக்கு ராணிப் பக்கத்தில் மூன்று காலாள்கள். டிங்குக்கு அங்கே இரண்டே. அது குகேஷின் வரவு. ஆனால் அவருடைய ராணிக் காலாள், எதிரே நிற்கும் டிங்கின் காலாளால் தடுக்கப்பட்டு முன்னேற வழியின்றிப் பின்தங்கி நின்றது. அது செலவு.

அடுத்துப் பெரிய முடிவு வந்தது. டிங் தம் யானைக் காலாளைத் தள்ளி, குகேஷின் குதிரைக் காலாளைச் சீண்டினார். பத்தாவது நகர்வில் குகேஷ் அக்காலாளை மேலும் ஒரு கட்டம் முன்னேற்றினார். இடம் கூடியது, ஆனால் அது முன்னர்க் காத்து வந்த ஒரு கட்டம் காப்பற்றுப் போயிற்று. அடுத்த நகர்விலேயே டிங்கின் குதிரை அந்தப் பொத்தலில் வந்து அமர்ந்தது. என் பழைய தோல்வி எனக்கு நினைவு வந்தது. தாத்தா இருந்திருந்தால் தலையை அசைத்திருப்பார்.

ஆனால் குகேஷ் குறையை மறைக்க முயலவில்லை. அதற்கு ஈடு தேடினார். பதினேழாவது நகர்வில், முன்னேறிய குதிரைக் காலாளை இன்னும் ஒரு கட்டம் தள்ளி, டிங்கின் ராணியின்மேல் ஏவினார். அதை உடனே வெட்டியிருந்தால், டிங்கின் குதிரையொன்று காப்பின்றிப் போயிருக்கும். ஆதலால் டிங்கின் ராணி விலகி நின்றாள். பிறகு குகேஷ் தம் மந்திரி ஒன்றைக் கொடுத்து, பொத்தலில் அமர்ந்திருந்த குதிரையை அகற்றினார். இருபத்திரண்டாவது நகர்வில் டிங்கின் ராணி அக்காலாளை வெட்டினாள். குகேஷுக்கு ஒரு காலாள் குறைந்தது.

அவர் பெற்றது என்ன? அக்காலாள் மறைந்ததும், குதிரைக் காலாளின் நெட்டு வரிசை அவருடைய யானைகளுக்குத் திறந்தது. அதன் மறுமுனையில் டிங்கின் குதிரைக் காலாள் இன்னும் தொடக்க இடத்திலேயே நின்றது. முன்பு அது குறையாகத் தோன்றவில்லை. ஏனெனில் எதிரே வரிசை அடைபட்டிருந்தது. இப்பொழுது யானைகளின் பார்வை அதன்மேல் விழுந்தது. குகேஷ் ஒரு காலாளை இழந்து, டிங்கின் ஒரு காலாளைக் குறையாக்கினார் என்க.

இருபத்தைந்தாவது நகர்வில் குகேஷ் தம் குதிரையைப் பலகையின் மூலைக்குக் கொண்டுபோனார். திண்ணையிலிருந்த பிள்ளை ஒருவன் திகைத்துப் போனான்.

"சார், குதிரை ஏன் மூலைக்குப் போகுது? அங்கே அதுக்கு ஒரு வேலையும் இல்லையே!"

"கொஞ்சம் பொறு தம்பி, அது போகிற இடம் அதுவல்ல," என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்பொழுது அரைகுறையாகவே விளங்கியது. மூலையிலிருந்து குதிரை அடுத்த தாவலில் வெளிவந்தது. அதற்கடுத்த தாவலில், முன்பு டிங்கின் குதிரை அமர்ந்திருந்த அதே பொத்தலில் சென்று அமர்ந்தது. பிறந்த கட்டத்திலிருந்து அவ்விடம் சேர அக்குதிரை ஐந்து தாவல் தாவியது. தாம் உண்டாக்கிய பொத்தலைத் தம் காய்க்கே இருக்கையாக்கிக்கொண்டார் அந்த இளைஞர். அங்கிருந்து குதிரை டிங்கின் குதிரைக் காலாளைக் குறிபார்த்தது. இருபத்தெட்டாவது நகர்வில் இரண்டாவது யானையும் முதல் யானைக்குப் பின்னால் அதே வரிசையில் வந்து நின்றது.

அந்த நகர்வில் ஒரு மிரட்டல் மறைந்திருந்தது. டிங் அதைக் காணாமல் ராணியை ஒரு கட்டம் பின்னுக்கு நகர்த்தினார். குகேஷின் ராணி பாய்ந்து டிங்கின் குதிரையை வெட்டியது. அந்த ராணியைக் குதிரைக் காலாளால் வெட்டினால், காலாள் வரிசையை விட்டு விலகுகிறது. உடனே இரண்டு யானைகளும் உள்ளே புகுந்து பொருளை வாரிக்கொள்ளும். ராணியால் வெட்டினாலோ, குகேஷின் மந்திரி திருப்பி வெட்டும். எப்படியும் ஒரு குதிரை நட்டம். டிங் இருபத்தொன்பதாவது நகர்வோடு தோல்வியை ஏற்றார். மணிக்கணக்கில் காவல் நின்ற அந்தச் சிறிய குதிரைக் காலாள், தேவைப்பட்ட நேரத்தில் அசைய முடியாமல் போனதே அத்தோல்வியின் வேர்.

இக்கதையை இங்கேயே நிறுத்தினால், ஓரத் தொடக்கம் ஒரு மந்திரம் என்று நீங்கள் நம்பிவிடக் கூடும். ஆனால் மறுநாளே, டிசம்பர் 9-இல், டிங் அதே ஆயுதத்தைக் கையிலெடுத்தார். ராணிப் பக்க மந்திரிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார். இம்முறை நடுக்கோட்டைக் கடந்து காலாளைத் தள்ளியவர் குகேஷ். டிங்கின் ராணிக் காலாள் பின்தங்கி நின்றது. ஆயினும் அவருடைய மற்றக் காய்கள் அனைத்தும் உயிர்பெற்று இயங்கின. குகேஷ் தெளிவாகத் தோற்றார். போட்டி மீண்டும் ஆறுக்கு ஆறு எனச் சமமாயிற்று. குறை ஒன்றேபோல் இருக்கலாம். அதற்கு வாங்கிய ஈடு ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுகிறது.

பதின்மூன்றாவது ஆட்டம் சமனாயிற்று. டிசம்பர் 12-ஆம் நாள் நடந்த பதினான்காவது ஆட்டத்திலும் டிங் ஓரத் தொடக்கத்தையே மேற்கொண்டார். குதிரையை எடுத்து, குதிரைக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை நிறுத்தினார். நடுவே, இருபத்தொன்பதாவது நகர்வில், காய்களைக் குறைத்து அமைதி காணும் பொருட்டு அவர் ஒரு காலாளை விட்டுக்கொடுத்தார். மீதி நின்றவை ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி. பலகையின் ஒரே பக்கத்தில் டிங்குக்கு இரண்டு காலாள்கள், குகேஷுக்கு மூன்று. பொதுவாக இது வெற்றி தோல்வியின்றி முடியும் நிலை. டிங் செய்த வாணிபம் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஒரு காலாள் பலகையிலிருந்து மறைந்தாலும் கணக்கிலிருந்து மறையவில்லை. குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டேயிருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தம் யானையை எதிர் யானைக்கு நேரே கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார். அடுத்து மந்திரிகளையும் மாற்றிக்கொள்ள வழி கண்டார். இனி ராஜாக்களும் காலாள்களும் மட்டுமே, ஒன்றுக்கு இரண்டு. இருபத்தாறு நகர்வுகளுக்கு முன் அமைதியின் விலையாகக் கொடுத்த காலாளே உலகப் பட்டத்தின் விலையாயிற்று. ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் குகேஷ் வென்று, சர்ச்சைக்கிடமற்ற உலக வெற்றியாளர்களுள் மிக இளையவரானார்.

நேயர்களே, இம்மூன்று ஆட்டங்களிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஆட விரும்பும் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொல்லலாம். ஒரு காலாளைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எந்தக் கட்டங்களைக் காப்பதை விடுகிறது? அக்கட்டங்களில் வந்து அமரக் கூடிய பகைவனின் காய் எது? அதற்கு ஈடாக எனக்குக் கிடைக்கும் வரிசையோ, இடமோ, காலமோ எது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், கையை எடுத்துக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தால், முதலிரண்டைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பிறகு, உண்டான குறையை மறந்துவிடவும் கூடாது. அது நம்மோடு கடைசிவரை பலகையில் இருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் பலர் சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்பவர்கள். மலையேறி வந்த எங்கள் முன்னோரைப்போல நீங்களும் ஒரு கட்டம் முன்னே நகர்ந்தவர்கள். அந்த நகர்வால் வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தது. அதற்கு ஈடாக விட்டுவந்தவையும் உண்டு. ஊரில் தனித்திருக்கும் பெற்றோர், பிள்ளைகளின் நாவில் மெலிந்துபோகும் தாய்மொழி. சதுரங்கக் காலாளைப்போல நீங்கள் திரும்ப முடியாதவர்கள் அல்லர் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் விட்டுவந்த கட்டத்தைக் காக்க இன்னொரு காயை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இருக்க வேண்டும். விடுமுறையில் ஒரு பயணம், வாரத்துக்கு ஒரு பேச்சு, வீட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம், அவை சிறியவையே. காலாளும் சிறியதே அன்றோ?

தாத்தா இன்று இல்லை. அவருடைய கரிக்கோட்டுப் பலகையும் மழையில் எப்பொழுதோ அழிந்துபோயிற்று. மூலைக்குச் சென்ற குதிரையைக் கண்டு திகைத்த அந்தப் பிள்ளை, இப்பொழுது வாரந்தோறும் என் திண்ணைக்கு ஆட வருகிறான். காலாளைத் தள்ள விரலை வைத்தவன், சற்றே நிறுத்தி, அதன் இருபுறமும் உள்ள வெற்றுக் கட்டங்களைப் பார்க்கிறான். பிறகே நகர்த்துகிறான். அல்லது, விரலை எடுத்துக்கொள்கிறான்.